வெறும் சுவருக்கு அழுதவள்

"நிப்பாட்டு மனே, திரும்பப் போடாத!"

இராசாத்தி எழுந்து போய் இரண்டு கைகளாலும் டிவியை மறைத்தாள். அதற்குள் பக்கத்து வீட்டுச் சிவதர்ஷன் காட்சியைப் பின்னுக்கு இழுத்துவிட்டான்.

கொழும்பில் நடந்த திரைப்பட விருது விழா இணைய நேரலையாக டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. அவர்களுடைய ஊரான பழுகாமத்தின் வாவிக்கரையில் எடுத்த படத்துக்குப் பரிசு கிடைத்ததும் அதில் ஒரு துண்டைக் காட்டினார்கள். திரையில் இராசாத்தி நெஞ்சிலடித்து அழுதாள். சிவதர்ஷனின் மனைவி தனுஷியா கைதட்டினாள்.

"நம்மட மாமியக் கோட்டுப் போட்டவனெல்லாம் பாக்கான்!"

பிறகு கமரா சுவருக்குத் திரும்பியது. சுவரில் நிலோஜனின் படம். நெற்றியில் பொட்டு வைத்து, மாலை போட்டு, கீழே விளக்கும் ஏற்றியிருந்தார்கள்.

நிலோஜன் அவளுடைய ஒரே மகன். வாழைச்சேனையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிற படகில் வேலை. போன கிழமை போனவன். அங்கே போன் எடுபடாது.

இராசாத்தி இடியப்பம் அவித்துத் தேநீர்க் கடைகளுக்குக் கொடுப்பவள். ஊர் அவளை அறிந்தது ஒப்பாரியால். சாவீட்டில் அவள் வந்து இருந்தால்தான் மற்றப் பெண்களுக்குக் குரல் எழும்பும். வாவியில் தோணி கவிழ்ந்து கணவன் இறந்த அன்று மட்டும் அவளுக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

படக்காரர்கள் கேள்விப்பட்டுத் தேடி வந்தார்கள். ஒரு வெறும் சுவரைக் காட்டி அழச் சொன்னார்கள். அழுதாள். வீட்டில் மாட்ட ஒரு இளம் பொடியனின் படம் வேண்டும் என்றும் கேட்டார்கள். கதையில் வெளிநாட்டில் இருக்கும் மகனாக்கும் என்று நினைத்து, நிலோஜன் சிரிக்கிற படத்தைக் கொடுத்தாள்.

"அது நடிப்புத்தானே மாமி," என்றாள் தனுஷியா.

"அழுதது நான்தானே."

"நீங்க வெறும் சுவருக்குத்தானே அழுதீங்க."

"இப்ப சுவர் வெறுமையா இல்லயே மகள்."

சிவதர்ஷன் சிரிக்கப் பார்த்தான். "நிலோஜன் வந்து, என்னச் சாகடிச்சுப் பேர் எடுத்திட்டீங்களா எண்டு சண்டைக்கு நிப்பான்."

தனுஷியா ஆறுதலாக இருக்கட்டும் என்று, பார்த்தவர்கள் கீழே எழுதியவற்றைப் போனில் வாசித்தாள். "அந்த அம்மாட அழுகை நடிப்பில்ல, உண்மை. பெத்தவளாலதான் இப்பிடி அழ ஏலும்."

"வாசிக்காதகா," என்றாள் இராசாத்தி. "எல்லாரும் நம்பிட்டானுகள்."

நிலோஜன் போன படகின் சொந்தக்காரர் தங்கராசாவைப் போனில் அழைத்தாள். அவரும் விழாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா அழுதிரிக்காய் புள்ள," என்றார்.

"அண்ணன், அவனோட ஒருக்காக் கதைக்கணும்."

"கடல் கொஞ்சம் குழப்பம். வயர்லெஸ் எடுக்குதில்ல. விடிஞ்சா பாப்பம்."

அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு, அணைத்த டிவியைப் பார்த்தபடி இருந்தாள்.

மறுநாள் காலையில் வயர்லெஸ்ஸில் பதில் இல்லை. கிரானிலிருந்து சித்தி மகள் இரத்தினம்மா வெள்ளைச் சேலையோடு பஸ்ஸில் வந்தாள். யாரோ அனுப்பிய அந்தத் துண்டை மட்டும் பார்த்திருந்தாள். "அக்கோ, நமக்கு ஒரு சொல் சொல்லல்லியே!" என்று வாசலிலேயே அழத் தொடங்கினாள். இராசாத்தி ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அது சினிமா என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்தாள். மத்தியானம் தங்கராசா அழைத்தார். நிலோஜனே வயர்லெஸ்ஸில் கதைத்தான், சூரை மீன் பட்டிருக்கிறது, வெள்ளிக்கிழமை கரைக்கு வருவார்கள் என்றார். அவன்ட குரல்தானா என்று கேட்டாள். ஓம் என்றார். திரும்பவும் கேட்டாள். வந்தவர்கள் சோறு தின்றுவிட்டுப் பஸ் ஏறினார்கள். பின்னேரம் அடுத்த தெருவில் ஒரு சாவீடு. இராசாத்தி போனாள். பெண்கள் அவளைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவள் அழவில்லை. இருட்டுவதற்குமுன் வீட்டுக்கு வந்து, குளித்து, இடியப்பத்துக்கு மா அரித்தாள்.