போன் கடை பெனினா

புதுப் போனைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் பெனினா முதலில் செய்வது, தேங்காய் எண்ணெயில் விரலைத் தொட்டுக்கொள்வதுதான். அந்த விரலால் திரையை மேலும் கீழும் இழுப்பாள். வழுக்கிக்கொண்டு நகர்ந்தால் சரி. திணறினால், "இது ஆபீஸ்காரங்களுக்கு. நம்ம கைக்கு ஆவாது" என்று மறுபடி பெட்டிக்குள் வைத்துவிடுவாள். மீன் ஆய்ந்த கை, தேங்காய்ப் பால் பிழிந்த கை, பிள்ளைக்குத் தலை வாரிவிட்ட கை. சவாயித் தீவில் போனைத் தொடுகிற கைகள் அவளுக்குத் தெரியும்.

சலெலொலொங்கா சந்தையில், கப்பல்துறைக்குப் போகும் வாசலை ஒட்டி அவள் கடை. அடுத்த கடை என்னுடையது. கொக்கோவும் தேங்காய்ப்பால் பன்னும் விற்கிறேன். இத்தனை வருஷப் பழக்கத்தில் என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "கொக்கோ" என்றால் நான் திரும்ப வேண்டும். அவள் காதில் செம்பருத்தி, இடுப்பில் பூப்போட்ட துணி. அவள் வாய்விட்டுச் சிரித்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் போன்கள் லேசாக நடுங்கும்.

ஆக்லாந்திலிருந்து அண்ணனோ அத்தையோ பணம் அனுப்பிவிட்டால் இளவட்டங்கள் நேராக இங்கேதான் வருவார்கள்.

"கேமரா எத்தன இருக்கு?"

"மூணு."

"நாலு உள்ளது வேணும்."

"மூஞ்சி ஒண்ணுதானடா வச்சிருக்க?"

அவளுடைய சொந்தப் போன், ரப்பர் வளையம் சுற்றிய பழைய பட்டன் போன். கேட்டால், "சமையக்காரி பூரா நேரமும் தின்னுகிட்டா இருப்பா?" என்பாள்.

போன மழைக்காலம் முடியும் தறுவாயில் வடகரை ஊரிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். அவர் பெயர் சக்காரியா, சேப்பங்கிழங்கு விவசாயி. அவர் மனைவி லெயிட்டுவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை.

"போன் யாருக்குண்ணே?" என்றாள் பெனினா.

"இவளுக்குத்தான்."

பெனினா ஒரு நொடி விழித்தாள். சக்காரியாவே சொன்னார். லெயிட்டுவின் தங்கை அனெட்டாவுக்கும் காது கேட்காது. சின்ன வயதில் இரண்டு பேரும் சேர்ந்து கையாலேயே ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டார்கள். அது அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். தங்கை கல்யாணமாகி ஆக்லாந்து போய் ஐந்து வருஷம். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது.

"எங்ககூடெல்லாம் சாப்பாடு, தண்ணி, வேலைன்னு நாலு வார்த்ததான். அரட்டைன்னா தங்கச்சிகூடதான். மருமகன் போன்ல ஒரு தடவ பாத்துக்கிட்டாங்க. படம் நின்னு நின்னு போச்சு. பாதிப் பேச்சு நடுவுல காணாமப் போச்சு. ரெண்டு நாளா இவ சோறே எடுக்கல."

பெனினா முதலில் விலை குறைந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். லெயிட்டு அதன் எதிரே கையை நீட்டி விரல்களை வேகமாக அசைத்தாள். திரையில் ஐந்து விரலும் கஞ்சி மாதிரிக் குழைந்தன. போனைத் தள்ளிவிட்டாள். அடுத்ததில் விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. லெயிட்டு சத்தமில்லாமல் சிரித்து, மேசையைப் படபடவென்று தட்டினாள். சக்காரியா மடியை அவிழ்த்தார். ஒரு அறுவடைக் கிழங்கும், வளர்த்த பன்றி ஒன்றும் அந்த நோட்டுகளில் இருந்தன.

"காச உள்ள வைங்கண்ணே" என்றாள் பெனினா. "போன் நல்ல போன்தான். உங்க ஊர்ல டவர் எப்படி?"

"வரும்... போகும்."

"போச்சுன்னா இத வச்சுப் பன்னிக்கு மூஞ்சி காட்டத்தான் ஆவும். சனிக்கிழம நானே வரேன். படம் நிக்காம ஓடினா வாங்கிக்கங்க."

சனிக்கிழமை மதியம் கடையைச் சாத்தினாள். "கொக்கோ, நீயும் கெளம்பு. பைய யாரு தூக்குவா?"

சக்காரியாவின் ஊரில் இறங்கியதும் போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். கடற்கரையில் ஒன்றுமில்லை. பாதிரியார் வீட்டு வாசலில் படம் வந்து உறைந்தது. பலாமரத்தடியில் சிம்மை மாற்றிப் பார்த்தாள், அதுவும் உதவவில்லை. பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"எம் பன்னிப்பட்டி மேல ஏறி நில்லு, சூப்பரா வரும்!"

"அங்க நீயே மூக்கப் புடிச்சுக்கிட்டுதான நிப்ப?"

லெயிட்டு யாரையும் பார்க்கவில்லை. பெனினாவின் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

கடைசியில் ஊர்த் திடலுக்கு வந்தோம். நடுவிலிருந்த சிமெண்டுப் பட்டையில் பெண்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பெனினா பாட்டுக்கு ஆட்டத்துக்குள் நுழைந்தாள்.

"ஏ பொம்பள! பந்து மண்டையப் பொளந்தா எங்களக் கேக்கக் கூடாது!" என்று கத்தினாள் மட்டை பிடித்திருந்தவள்.

"இங்க ஓடுதுக்கா! நிக்காம ஓடுது! லெயிட்டு தங்கச்சிகிட்டப் பேசணும்!"

அந்தப் பெண் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டாள். "ஆட்டத்த நிப்பாட்டுங்கடி."

பெனினா ஆக்லாந்துக்குக் கூப்பிட்டுப் போனை லெயிட்டுவிடம் கொடுத்தாள். திரையில் அனெட்டாவின் முகம் வந்தது. அந்தப் பக்கம் போனை எதன்மீதோ சாய்த்து வைத்திருந்தார்கள். இரண்டு கையும் தெரிந்தன. லெயிட்டு பதில் சொல்லக் கையைத் தூக்கினாள். ஒரு கையில் போன் இருந்தது.

"அட, ரெண்டு கையும் வேணுமே!" என்று பெனினா போனை வாங்கி, திரை லெயிட்டுவைப் பார்க்கும்படி தன் முகத்துக்கு நேரே இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அந்த நான்கு கைகளும் ஓயவில்லை. லெயிட்டு மூக்கைச் சுருக்கினாள், தொடையில் அடித்துக்கொண்டாள், யாரையோ நடந்து காட்டிக் கேலி செய்தாள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அனெட்டா எழுந்து நின்று வயிற்றைச் சுற்றிக் கையை வளைத்தபோது மட்டும் எல்லோருக்கும் விளங்கியது. லெயிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கிரிக்கெட் பெண்கள் கைதட்டினார்கள். சக்காரியா பணத்தை எண்ணாமல் என் தோள்பைக்குள் திணித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வெயில் இறங்கியதும் சங்கு ஊதினார்கள். மாலை ஜெப நேரம். திடலில் ஒருவரும் நிற்கக் கூடாது. பெண்கள் மட்டைகளை அள்ளிக்கொண்டு வீடுகளுக்கு ஓடினார்கள். மனைவியின் தோளைத் தொடப் போன சக்காரியாவைப் பார்த்து, வேண்டாம் என்று பெனினா தலையாட்டினாள்.

காவலுக்கு நிற்கும் ஊர்ப் பெரியவர் கையில் தடியோடு வந்தார்.

"யாரது? சங்கு ஊதினது காதுல விழலியா?"

"அவளுக்கு விழாதுங்க ஐயா" என்றார் சக்காரியா.

பெரியவர் லெயிட்டுவின் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தடியால் தரையைக் காட்டினார், ஜெபம் முடியும்வரை அங்கேயே உட்காருங்கள் என்று. நானும் சக்காரியாவும் உட்கார்ந்தோம். லெயிட்டு நின்றபடியே கைகளை அசைத்துக்கொண்டிருந்தாள். வீடுகளிலிருந்து பாட்டு எழுந்தது. பெனினா மெல்ல முழங்காலை மடக்கி, அந்தச் சிமெண்டுப் பட்டையில் சம்மணமிட்டு, கோயிலில் போலத் தலையைத் தாழ்த்திக் கண்ணை மூடிக்கொண்டாள். லெயிட்டு படத்தை விட்டு விலகிவிடாதபடி, போனை மட்டும் இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்திருந்தாள்.