க்ளூ என்கிற நூலுருண்டை

தேர்வுத்தாளைக் கொடுத்த ஐந்தாவது நிமிடம் யாராவது ஒரு பிள்ளை எழுந்து, "மேடம், ஒரே ஒரு க்ளூ" என்று கேட்கும். ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள் நான். அந்தச் சொல்லை ஒரு நாளைக்கு நாலு தடவையாவது காதில் வாங்குகிறேன். ஆனால் முதன்முதலில் அதைக் கேட்டது பள்ளிக்கூடத்தில் இல்லை, காஞ்சிபுரத்தில் ஒரு போலீஸ் ஸ்டேஷனில். தொண்ணூற்றேழோ எட்டோ இருக்கும். நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வீட்டை விட்டுப் போய் மூன்று நாள் ஆகியிருந்தது.

அவனுக்குப் பத்தொன்பது வயது. யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டிய சேலை தறியில் பாதியில் கிடக்க, சொல்லாமல் கொள்ளாமல் சினிமாவுக்குப் போய்விட்டான். திரும்பி வந்தபோது அப்பா தெருவில் நாலு பேர் பார்க்க அறைந்தார். அண்ணன் அம்மாவைப் பார்த்தான். "அடிச்சா இன்னா, அப்பன்தானே" என்றாள் அம்மா. மறுநாள் காலையில் அவன் இல்லை. அறைந்தவர் எப்போதும்போல இருக்க, அந்த மூன்று சொல்லைச் சொன்ன அம்மாதான் சோறு இறங்காமல் கிடந்தாள்.

ஸ்டேஷனில் இருந்த ஏட்டு நல்ல மனிதர். அம்மாவை உட்காரச் சொல்லி, "லெட்டரு, போன் நம்பரு, சிநேகிதன் வீடு, ஏதாவது க்ளூ இருக்குதாம்மா?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் "துப்பும்மா" என்றேன். எங்கள் தெருவில் அந்தச் சொல்லை 'துப்பு கெட்டவன்' என்று திட்டுவதற்குத்தான் எடுப்பார்கள். அம்மாவுக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள். பெங்களூரில் ஓட்டலில் பார்த்ததாக ஒருவர், திருப்பதியில் மொட்டையோடு பார்த்ததாக இன்னொருவர். எனக்கு அவன் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. உடம்புக்கும் கரைக்கும் வேறு வேறு நிறம் வைத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். அப்பா நடுவில் உட்கார்ந்தால், ஓரத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் ஓடும் நாடாவைத் தள்ளுகிறவன் அண்ணன். இப்போது அந்த இடம் என் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தறி, காலையில் எழுந்ததும் தறி. அரையாண்டில் கணக்கில் கோட்டை விட்டேன். அவன் வந்தால் முதல் அறை என்னுடையதுதான் என்று முடிவு செய்து வைத்திருந்தேன்.

அம்மா ஒரு பட்டு வியாபாரி வீட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சுற்று வட்டாரத் தறிகளிலிருந்து வரும் சேலைகளை உள்புறம் திருப்பிப் போட்டு, நீட்டிக்கொண்டிருக்கும் நூல் நுனிகளைக் கத்தரித்து, மடித்து அடுக்கும் வேலை. நெய்யும்போது பாவில், நீளவாக்கில் ஓடும் நூலில், இழை அறுந்தால் முடிச்சுப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். அந்த முடிச்சின் வால்கள்தான் உள்புறத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். வெளியே பார்க்கிறவர்களுக்கு எல்லாச் சேலையும் ஒன்றுதான். உள்ளே பார்க்கிறவர்களுக்கு அப்படி இல்லை.

ஏழாவது மாதம், ஒரு மத்தியானம், அம்மா வேலையைப் பாதியில் போட்டுவிட்டு என் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து நின்றாள். என்னமோ ஏதோ என்று ஓடினேன்.

"உங்கண்ணன் தாமல்ல கீறான்" என்றாள்.

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. முடிச்சு பார்த்தேன்."

அண்ணனுக்கு இடது கைப் பழக்கம். எல்லோரும் நூலை ஒரு பக்கமாக முறுக்கினால் அவன் மறுபக்கமாக முறுக்குவான். வாலை ஒட்ட வெட்டவும் மாட்டான். சின்ன வயதிலிருந்து அம்மா அதற்காக அவனைத் திட்டாத நாள் இல்லை. அன்று, வேலூர் ரோட்டில் இருக்கும் தாமல் என்ற ஊரிலிருந்து வந்த சேலைக்கட்டுக்குள் ஒரு மாம்பழ நிறச் சேலை. உள்புறம் திருப்பியதும் எதிர்ப்பக்கம் முறுக்கிய முடிச்சுகள். வால்கள் மட்டும் அவன் வழக்கத்துக்கும் கூடுதலான நீளம், ஒரு விரல் நீளம்.

"உலகத்துல இடது கைக்காரன் அவன் ஒருத்தன்தானாம்மா?" என்றேன்.

"ஆயிரம் பேரு இருப்பான். எம்புள்ள முடிச்சு எனக்குத் தெரியாதா? நீ வா."

வேலூர் பஸ் பிடித்து தாமலில் இறங்கினோம். ஏரி நிரம்பியிருந்தது. பெங்களூர், திருப்பதி என்று ஊரார் சொன்னவன், பஸ்ஸில் ஒரு தூக்கம் போடக்கூட நேரமில்லாத தொலைவில் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைக்க எனக்கு எரிச்சலாக வந்தது. சேலைக்கட்டோடு இருந்த சீட்டைப் பார்த்து, தறிக்காரர் பெயரை அம்மா விசாரித்து வைத்திருந்தாள். இரண்டு தெரு தாண்டியதும் தறிச் சத்தம் கேட்டது. அம்மா நின்றுவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

உள்ளே தறிக்குழியில் அவன் இருந்தான். இளைத்திருந்தான். எங்களைப் பார்த்ததும் நாடா கையிலேயே நின்றது. அறைய வேண்டும் என்று வந்த நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அம்மா அழுவாள், கட்டிப்பிடிப்பாள், வீட்டுக்கு வா என்று கெஞ்சுவாள் என்று நினைத்தேன். அவள் கிட்டே போய் அவன் இடது கையை எடுத்து விரல்களைப் புரட்டிப் பார்த்தாள்.

"இவ்ளோ நீட்டு வால் வுடாத. இனிமே ஒட்ட வெட்டு" என்றாள்.

அவ்வளவுதான். திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நான் கத்தினேன். ஏழு மாதம் தவித்தது இதைச் சொல்லத்தானா, ஒரு வார்த்தை கூப்பிட்டால் வாயில் இருக்கும் முத்து உதிர்ந்துவிடுமா என்றெல்லாம் கேட்டேன். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

அடுத்த அமாவாசைக்கு அண்ணன் வந்து நின்றான். அமாவாசை என்றால் எங்கள் தெருவில் தறிக்கு ஓய்வு. அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நாளைக்குப் புதுப் பாவு பிணைக்க ஆளு வருது. சீக்கிரம் எழுந்துக்கோ" என்றார். எனக்கு ஓரத்து இடத்திலிருந்து விடுதலை கிடைத்தது. போனது பற்றி அவனும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஆறேழு வருஷம் கழித்து, கல்லூரி நூலகத்தில் இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அகராதி ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வேறு எதையோ தேடப்போய் அந்தச் சொல் கண்ணில் பட்டது. இன்று சி, எல், யு, ஈ என்று எழுதுகிறோம். முன்பு சி, எல், ஈ, டபிள்யூ என்று எழுதினார்களாம். அதற்கு அர்த்தம் துப்பு இல்லை, நூலுருண்டை. உள்ளே போனவர் திரும்பாத ஒரு சுற்றுவழிக் கட்டடத்துக்குள் ஒருவன் போகிறான். ஒரு பெண் அவனிடம் நூலுருண்டையைக் கொடுத்து அனுப்புகிறாள். அவன் நூலை விட்டுக்கொண்டே போய் அதைப் பிடித்துக்கொண்டே திரும்பி வருகிறான். அந்த கிரேக்கக் கதையால், வழி காட்டும் எதற்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. நூலகம் என்பதையும் மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொன்னேன். அவள் நாடாவுக்குள் வைக்கும் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ராட்டையை நிறுத்தினாள்.

"அந்த ஏட்டு நூல் இருக்குதான்னா கேட்டாரு? மடி நெறைய நூலை வெச்சிக்கினு இல்லைன்னுட்டேன் பாரு" என்று சிரித்தாள்.

தறிக்குழியில் இருந்த அண்ணன் சிரிக்கவில்லை. கையை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்காமலே சொன்னான்:

"நான் வேணும்னுதாம்மா நீட்டு வுட்டேன். அந்தச் சேலைங்க நீ வேலை செய்யிற வீட்டுக்குத்தான் வரும்னு தெரிஞ்சிதான் கடைசில தாமலுக்கே போனேன். நீ பார்ப்பன்னு."

அம்மா ராட்டையை மறுபடி சுற்ற ஆரம்பித்தாள்.

"தெரியும்" என்றாள். "பார்த்துட்டேனே, இனிமே எதுக்குன்னுதான் வெட்டச் சொன்னேன்."