பன்னிரண்டா, இருபதா

வீட்டுக்கு ஒரு துப்பாக்கி வாங்குவதென்று என் கணவர் முடிவு செய்தபோது என் காதில் போட்டிருந்த தையலைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

உழவர்கரைப் பக்கம் புதிதாக மனை பிரித்த நகர் ஒன்றில் எங்கள் வீடு. தெருவில் மொத்தம் ஏழு வீடுகள், மிச்சமெல்லாம் முள்செடி. அவர் ஒரு மருந்து கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். அது மே மாத விடுமுறை என்பதால் அன்றைக்கு வீட்டில் தனியாக இருந்தேன்.

பகல் பதினொன்றரை மணி. பின்பக்க ஜன்னல் கிரில்லைக் கழற்றிவிட்டு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். முகத்தில் துண்டு கட்டியிருந்தார்கள். ஒருவன் பின்னாலிருந்து என்னைப் பிடித்து வாயைப் பொத்தினான். இன்னொருவன் கழுத்துச் சங்கிலியை அறுத்தான். கம்மலின் திருகாணி வரவில்லை. அவன் இழுத்த இழுப்பில் வலது காது மடல் கிழிந்தது. நான் திமிறியபோது பிடித்திருந்தவன் மெதுவாகப் பேசினான்.

"அக்கா, திரும்பாதீங்கக்கா. பாப்பா காலேஜ் பஸ் எங்க நிக்கும்னு எனக்குத் தெரியும்."

அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். வீடு கட்டியபோது எங்கள் ஜன்னல்களுக்கெல்லாம் கிரில் செய்து பொருத்தியவன் அவன். முத்தியால்பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தான். முப்பது வயதிருக்கும். பதினைந்து நாள் எங்கள் வீட்டில் வேலை செய்தபோது என்னை அக்கா என்றும் மகளைப் பாப்பா என்றும்தான் கூப்பிட்டான். எந்த கிரில் வெளியிலிருந்து கழலும் என்பது அவனுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

போலீசுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. ஸ்டேஷனுக்கு அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, சப்-இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டார்.

"அன்னைக்கு பிள்ளைச்சாவடில ஒரு வேலைல இருந்தேங்கிறான். பட்டறை ஓனரும் ஆமாங்கிறாரு. உங்கள புடிச்சவன் இவனா இருக்குமா? நல்லா யோசிச்சு சொல்லுங்கம்மா."

நான் யோசித்தேன். பஸ் நிறுத்தத்தில் தோள்பையோடு நிற்கும் மகள்தான் கண்ணுக்குள் வந்தாள்.

"இல்ல சார். அவன் ஒசரமா இருந்தான்."

அவர் அதை எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

பத்து நாள் கழித்து, என் கணவர் எல்லா ஜன்னலுக்கும் உள்பக்கமாக இன்னொரு கிரில் போட ஆள் கூப்பிட்டார். வந்தவன் அவனேதான். "பாவம், நம்மளால ஸ்டேஷன்ல போய் உக்காந்துட்டு வந்தான். வேலையாவது குடுப்போம்," என்றார் அவர். மூன்று நாள் அவன் எங்கள் வீட்டுக்குள் நடமாடினான். நான் அடுப்படியிலேயே இருந்தேன். கடைசி நாள் சாமான்களை எடுத்து வைக்கும்போது என் கணவர் பக்கத்தில் இருக்கவே கேட்டான்.

"அக்காவுக்கு காது ஆறிடுச்சா?"

"ஆறிட்டு வருது," என்றார் அவர். அவன் போனதும் என்னிடம், "நல்ல பையன்," என்றார். நான் குழாயைத் திறந்து, கழுவி வைத்திருந்த பாத்திரங்களையே மறுபடி கழுவினேன்.

துப்பாக்கி லைசென்சுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. விண்ணப்பம், விசாரணை, டாக்டர் சான்றிதழ். நடுவில் சுடும் பயிற்சிக்கு ஒரு கிளப்பில் சேர்ந்தார். மகளும் கூடப் போனாள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நானும் போய் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். ஒரு இயந்திரம் களிமண் தட்டுகளை வானத்தில் வீசும், அவற்றைப் பறக்கும்போதே சுட வேண்டும். அவர் சுட்டது பன்னிரண்டு போர் துப்பாக்கி. போர் என்பது குழலின் அளவு. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் தோள்பட்டை கன்றிப்போயிருக்கும். மகளுக்குக் கொடுத்தது இருபது போர், மெலிந்தது. மூன்றாவது வாரமே அவள் தட்டுகளை உடைக்க ஆரம்பித்தாள். உடைந்த ஒவ்வொரு தடவையும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"குடும்பத்தோட சுடலாம் போலிருக்கே," என்றார் அவர். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

லைசென்ஸ் வந்த பிறகு டவுனில் இருந்த துப்பாக்கிக் கடைக்கு நாங்கள் இருவரும் போனோம். கடையை நடத்தியது என் வயதையொத்த ஒரு பெண்மணி. அவர்கள் குடும்பத்தில் பாதிப் பேர் பிரான்சில் இருக்கிறார்கள், அதனால் பெண்களை மதாம், ஆண்களை மெஸ்யே என்றுதான் கூப்பிடுவார். அப்பா இறந்த பிறகு இவர் கடையை எடுத்துக்கொண்டாராம். சுவரில் தொங்கிய ஒரு பழைய பிரெஞ்சுத் துப்பாக்கியை என் கணவர் காட்டினார்.

"அது பதினாறு. இப்ப தோட்டா வர்றதில்ல. அழகுக்கு மாட்டி வச்சிருக்கேன்," என்றார் அந்தம்மா. "நீங்க பாக்க வேண்டியது பன்னெண்டா, இருபதாங்கறதுதான். நம்பர் கம்மியானா குழா பெருசு. ஒரு பவுண்டு ஈயத்துல பன்னெண்டு உருண்ட புடிச்சா ஒண்ணொண்ணும் இந்தக் குழா அளவு இருக்கும். இருபது புடிச்சா சின்னதாயிடும்ல, அதான்."

"வீட்டுப் பாதுகாப்புக்குன்னா பன்னெண்டு தானே?"

"தோட்டா எங்கயும் கெடைக்கும், அது நெசம். இருபதுக்கு நான் ஆர்டர் போட்டு காத்திருக்கணும். ஆனா யாரு சுடப் போறீங்க?"

"நான். பொண்ணு கிளப்புல சுடுவா. நான் இல்லாதப்ப இவங்க."

அந்தம்மா என்னைப் பார்த்தார். "லைசென்ஸ்ல மதாம் பேர் இருக்கா?"

இல்லை.

"அப்ப நீங்க இல்லாத நேரத்துல அவங்க இத தொடக் கூடாது. அவங்களும் தனியா எழுதிப் போடணும்."

என் கணவர் முகம் சுருங்கியது. தனியாக இருந்தவள் நான், பிடிக்கப்பட்டவள் நான். ஒன்றேகால் வருஷ அலைச்சலில் இது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அவர் விடாமல் கேட்டார். "சரி, ஹாலுக்குள்ள ஒருத்தன் வந்துட்டான்னு வைங்க."

"ஹால் சுவத்துக்கு அந்தாண்ட யார் படுப்பாங்க?"

"பொண்ணு."

"தோட்டாவுல பெரிய ஈய ரவை போட்டா, குறி தப்பினது கதவு, பலகைத் தடுப்பு எல்லாத்தையும் துளைச்சுட்டுப் போகும். பன்னெண்டுன்னாலும் இருபதுன்னாலும் அதான். வாங்கறதுக்கு முன்னாடி வீட்டுல எங்க நின்னு எந்தப் பக்கம் சுடுவோம்னு நடந்து பாருங்க." பிறகு இருபது போர் ஒன்றைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லையென்று காட்டிவிட்டு என்னிடம் நீட்டினார். "வீட்டுலயே சின்ன உடம்பு யாருக்கோ, அவங்க தோளுக்குத்தான் அளவெடுக்கணும். வச்சுப் பாருங்க மதாம். கன்னத்த கட்டைல ஒட்ட வைங்க."

வைத்தேன். மரம் குளிர்ந்திருந்தது. குழாயின் நுனியில் குறி பார்க்க ஒரு சின்ன வெள்ளை மணி. அதற்கு அப்பால் சுவர்தான் இருந்தது. ஆனால் நான் பார்த்தது அவன் முகத்தை. துண்டில்லாத முகம். காது ஆறிடுச்சா என்று கேட்டபோது இருந்த முகம். என் விரல் தானாக விசைக்குப் போனது. துப்பாக்கியைக் கண்ணாடி மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

திரும்பும் வழியில் பைக்கை நிறுத்தச் சொல்லி, அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்தபோது பஸ் ஒன்று எங்களை உரசுகிற மாதிரிப் போனது. அவர் நகரவில்லை.

"நான் அவன வூட்டுக்குள்ள வுட்டேன். நீ பாத்துக்கிட்டு இருந்த."

"பாப்பாவுக்காகத்தான்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

சொன்னால் அவர் நேராகப் பட்டறைக்குப் போவார் என்று பயந்தேன். அது உண்மை. ஆனால் அதையும் அப்போது சொல்லவில்லை.

அடுத்த நாள் ஸ்டேஷனுக்குப் போய் வாக்குமூலத்தை மாற்றிக் கொடுத்தேன். அவனைக் கைது செய்தார்கள். நகை எதுவும் கிடைக்கவில்லை. கூட வந்தவன் யாரென்று அவன் கடைசி வரை சொல்லவில்லை. அந்த வாரமே என் கணவர் தனியாகக் கடைக்குப் போய்த் துப்பாக்கி வாங்கி வந்தார். பன்னிரண்டு போர், இரட்டைக் குழல். என்னையோ மகளையோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகள் அதை எடுத்துப் பார்த்து, "கனமா இருக்குப்பா, எனக்கு ஒத்து வராது," என்றாள். "உனக்கு இல்லம்மா," என்றார் அவர்.

திருட்டு நடந்து மூன்றாவது வருஷம்தான் கேஸ் விசாரணைக்கு வந்தது. அவன் ஜாமீனில் வந்து, மனைவியோடும் கைக்குழந்தையோடும் கோர்ட் வராந்தாவில் நின்றான். அவனுடைய வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை.

"இவரில்லை, உயரமானவர் என்று கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே?"

"ஆமாம்."

"அதற்குப் பிறகு இவரை வீட்டுக்கு அழைத்து மூன்று நாள் வேலை வாங்கினீர்கள்?"

"ஆமாம்."

"உங்களைத் தாக்கியவரையா?"

பயம் என்று சொன்னேன். கோர்ட்டில் அந்தச் சொல் மிகச் சின்னதாகக் கேட்டது. அவனை விடுதலை செய்துவிட்டார்கள்.

தீர்ப்புக்குப் பிறகு என் கணவர் இரண்டு நாள் லீவு போட்டார். முதல் நாள் மத்தியானம் நான் பள்ளியிலிருந்து திரும்பியபோது அவர் ஹாலில் செய்தித்தாளை விரித்துத் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் நாளும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். தோட்டாப் பெட்டி பக்கத்தில் இருந்தது. எப்போதும் பீரோவின் வேறு அறையில் பூட்டி வைக்கிற பெட்டி அது.

நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"முத்தியால்பேட்டைக்குப் போவணும்னு தோணுதா?"

அவர் துணியை மடித்தார், பிரித்தார். "தோணுது."

"பாப்பாவுக்கு எம்.எஸ்சி. பரீட்சை முடிஞ்சதும் மாப்பிள்ள பாக்கணும்னு சொன்ன. நீ ஜெயில்ல இருந்தா யாரு பாக்கறது?" என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. இருபத்துமூன்று வருஷத்தில் அவரை நீ என்று சொன்னது அதுதான் முதல் முறை. அவர் அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் விட்டுவிட்டார்.

"எங்கிட்ட சொல்லாம இன்னும் வேற ஏதாவது வச்சிருக்கியா?" என்று கேட்டார்.

"நீங்க பட்டறைக்குப் போயி அவன ஏதாவது பண்ணிடுவீங்கன்னு பயந்துதான் மறைச்சேன். அது ஒண்ணுதான் பாக்கி."

அவர் தோட்டாப் பெட்டியை மூடி ஓரமாக வைத்தார். பிறகு துப்பாக்கியைக் கழற்றி உறையில் போட்டார். குழல் தனி, கட்டை தனி. நாலு மணிக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனார். கடைகளில் துப்பாக்கியைப் பாதுகாப்புக்கு வைத்துக்கொள்வார்கள், அதற்கு ரசீது உண்டு. அந்தம்மா குழல் நம்பரைப் பார்த்து எழுதினார்.

"எவ்ளோ நாளைக்கு மெஸ்யே?"

"தெரியல."

அந்தம்மா ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். தோட்டாக்களைத் தனியாக எண்ணி வாங்கிக்கொண்டார்.

அது நடந்து ஒன்றரை வருஷமாகிறது. துப்பாக்கி இன்னும் கடையில்தான் இருக்கிறது. மகள் மாதம் ஒருமுறை கிளப்புக்குப் போய், அங்கேயே இருக்கும் இருபது போரில் சுட்டுவிட்டு வருகிறாள். நாங்கள் கூடப் போவதில்லை. கணவரும் நானும் சாப்பாடு, மின்சார பில், அவள் கல்யாணம் என்று பேசிக்கொள்கிறோம். போன மாதம் பக்கத்து மனையில் ஒரு வீடு எழும்பியது. ஜன்னல்களுக்கு அளவெடுக்க அவன் வந்திருந்தான். நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்த என் கணவர் அவனைப் பார்த்தார். இஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே வந்து, "இன்னைக்கு நான் லீவு. நீயும் போவ வேணாம்," என்றார். இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு, அவன் வேலை முடித்துப் போகும் வரை ஹாலிலேயே உட்கார்ந்திருந்தோம்.