ஆரல்வாய்மொழி வழியாக ஒரு மட்டிக் குலை

முப்பத்தோரு வருடம் பள்ளியில் புவியியல் நடத்தியவள் நான். கணவாய் என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைகளிடம், இரண்டு பீரோக்களை நெருக்கி வைத்து நடுவில் விசிறியால் வீசிக் காட்டுவேன். அகலமாகப் புறப்படும் காற்று இடுக்கில் நுழையும்போது வேகம் பிடிக்கும், அதனால்தான் ஆரல்வாய்மொழியில் அத்தனை காற்றாலைகள் என்று சொல்லி முடிப்பேன். ஆனால் அந்த இடத்தை ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற இரண்டாவது வருடத்தில், இந்த செப்டம்பரில், இனியும் தள்ளிப்போட்டால் சரிப்படாது என்று ஒரு சனிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்தேன்.

சென்னை எழும்பூரிலிருந்து மதுரை, திருநெல்வேலி வழியாகக் கொல்லம் போகும் வண்டி. நான் போன அன்று எழும்பூரில் மாலை 7.50க்குப் புறப்பட்டது. குழித்துறை வரை ஏறத்தாழ 755 கிலோமீட்டர். படுக்கை வகுப்பில் 440 ரூபாய்க்குப் பக்கம் ஆயிற்று. ஏசிப் பெட்டி வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம் ஜன்னல்தான். கணவாய்க் காற்று முகத்தில் அடிக்க வேண்டும் என்பது என் ஆசை.

கீழ்ப்படுக்கையில் பையை வைத்ததும் எதிரில் வந்து உட்கார்ந்தார்கள் ஒரு கணவனும் மனைவியும். ஐம்பத்தைந்தைத் தாண்டிய வயது. கணவர் செல்லத்துரை, ஆவடியில் ஒரு பட்டறையில் வேலை. மனைவி ரோஸ்லெட். சொந்த ஊர் குழித்துறைக்குப் பக்கம். ரோஸ்லெட் ஒரு சாக்கு மூட்டையைக் கைக்குழந்தையை இறக்குவது போல இறக்கி, என் படுக்கைக்குக் கீழே தள்ளினார். நான் ஓய்வு பெற்ற ஆசிரியை என்று சொன்னதும் பேச்சு சகஜமாகிவிட்டது.

"டீச்சர், பாத்து பைய காலை வையுங்க கேட்டியளா. உள்ள குலையாக்கும்."

"வாழைக்குலையா? ஊரிலிருந்து வருகிறவர்கள்தானே கொண்டுவருவார்கள்?"

செல்லத்துரை அதற்காகவே காத்திருந்தவர் போலச் சிரித்தார். "அத கேளுங்க டீச்சர். மட்டி வெளையுத ஊருக்கு மட்டிக் குலை கொண்டு போறா. நாளைக்கு கடலுக்கு உப்பு கொண்டு போவா."

"நீங்க சும்மா இரிங்க."

மட்டி என்பது விரல் நீளமே உள்ள, தோல் மெலிந்த, குமரி மாவட்டத்துச் சின்ன வாழைப்பழம். பச்சைக் குழந்தைக்கும் மசித்துக் கொடுப்பார்கள். ரோஸ்லெட் சொன்ன விவரம் இது. அவர்கள் ஊர்த் திருச்சபையில் மறுநாள் அறுப்பின் பண்டிகை. விளைந்ததை எல்லோரும் கையில் சுமந்துபோய்ப் பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அவை முற்றத்தில் ஏலம் போகும். ஆவடிக்கு வந்த பதினொரு வருடமாக ரோஸ்லெட் போன் வழியாகக் காணிக்கை அனுப்பிக்கொண்டிருந்தார்.

"பேரு வாசிப்பாவ டீச்சர். ஆனா எனக்க கையில ஒண்ணும் இருக்காது. ஊருல இருக்கவ எல்லாம் வெளைஞ்சதக் கொண்டு வைக்கும்ப, நான் வெறுங்கையா நிக்க மாதிரி."

ஊரிலிருந்து கொண்டுவந்து ஆவடி வீட்டுக் குழாயடியில் நட்ட கன்றுகளில் இரண்டு பட்டுப்போயின. மூன்றாவது இந்த வருடம் குலை தள்ளியது. ஐந்து சீப்பு. முதல் குலை என்பதால் பீடத்தில் வைக்கும்வரை ஒரு பழத்தைக்கூட யாரும் வாயில் வைக்கக்கூடாது. குலை முழுசாகப் போய்ச் சேர வேண்டும், அதை ஊரார் யாராவது விரும்பி எடுக்க வேண்டும். இவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

செங்கல்பட்டு தாண்டியதும் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலை 6.40க்குத் திருநெல்வேலி. காபி வாங்கிக் குடித்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. தேனும் பாலும் சேர்ந்தது போல, பெட்டி முழுக்க. ரோஸ்லெட் மூட்டையை இழுத்துக் கட்டை அவிழ்த்தார். முந்தைய நாள் பச்சையாக உள்ளே போன குலை மஞ்சளாக வெளியே வந்தது. சாக்கின் அடியில் ஐந்து பழங்கள் காம்பு விட்டு உதிர்ந்து கிடந்தன.

"அய்யோ ஆண்டவரே, வெள்ளிக்கெழமதானே வெட்டினேன்! நாலு நாள் இருக்குமே!"

மேல்படுக்கையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "எங்க நாலு நாள் இருக்கும்?" நெற்றியில் நீளமாக நாமம் இட்ட, அய்யாவழி வழிபாட்டைச் சேர்ந்த ஒருவர் இறங்கி வந்தார். பெயர் பொன்னையா. நாகர்கோவிலில் வாழைக்குலை வியாபாரமாம்; சென்னையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறார்.

"நம்ம ஊருல, வீட்டு மூலையில சாத்தி வச்சா நாலு நாள். மெட்ராஸ் வெக்கையில வெட்டி, சாக்குல போட்டு கெட்டி, ராத்திரி முழுக்க சீட்டுக்கு அடியில அடச்சு வச்சிருக்க. பழுக்காம பின்ன பாட்டா பாடும் மக்கா?"

ரோஸ்லெட் செய்த தவறு இதுதான். ஊர்க் கணக்கில் ஆவடியில் குலை வெட்டிவிட்டார். மூடிய இடத்தில் ஒரு காய் பழுத்தால் மற்றவையும் பழுக்கும். வகுப்பில் ஒருவன் கொட்டாவி விட்டால் கடைசி பெஞ்சு வரை பரவுவதைப் பார்த்திருப்பீர்கள், அப்படித்தான்.

செல்லத்துரை உதிர்ந்த பழம் ஒன்றை எடுத்து, "ஒண்ணு போனா என்ன?" என்று தோலில் நகம் வைத்தார். ரோஸ்லெட் அவர் புறங்கையில் போட்ட அடி பக்கத்துத் தடுப்புக்கும் கேட்டிருக்கும்.

"மொதக் குலையாக்கும் இது! வாயில வச்சியன்னா நான் நாவருகோயில்லயே எறங்கிருவேன்."

பொன்னையா ஒரு யோசனை சொன்னார். கீழே வைத்தால் சீப்பு நசுங்கும், மீதியும் உதிரும், தொங்கவிட வேண்டும். அந்த ஊரில் துவர்த்து என்று சொல்லும் துண்டால் குலையின் தண்டை நடுப்படுக்கைச் சங்கிலியில் கட்டினார்கள். வண்டி ஆடும்போதெல்லாம் குலையும் ஆடியது. ஆடும்போதெல்லாம் ஒன்று உதிர்ந்தது.

"ஒராளு அணைச்சுப் பிடிக்கணும். டீச்சரம்மா, நீங்க ஜன்னல் பக்கம்தானே? கொஞ்சம் பிடியுங்க."

அப்படியாக, வள்ளியூர் தாண்டி மகேந்திரகிரி மலை வலப்பக்கம் எழுந்து வந்தபோது நான் ஒரு வாழைக்குலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். மலையின் உச்சியில் மேகம், அடியில் செம்மண், நடுவில் பனைகள். எல்லாவற்றையும் சீப்புகளின் இடைவெளியில்தான் பார்த்தேன். காவல்கிணறு தாண்டியதும் காற்றாலைகள். நான் நினைத்திருந்ததைவிடப் பெரியவை. ஒரு இறக்கை நம் தலைக்கு மேல் வந்து போவதற்குள் ஒரு வரி பாடம் சொல்லிவிடலாம்.

மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கின. கணவாய் வந்துவிட்டது. காற்று ஒரே அறையாக ஜன்னல் வழியே உள்ளே விழுந்தது. என் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. குலை துள்ளியது. அடுத்தடுத்து மூன்று பழங்கள் என் மடியில் விழுந்தன.

ரோஸ்லெட் என்னைப் பார்த்தார். ஜன்னலை மூடச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இந்தக் காற்றுக்காகவே வருகிறேன் என்று முந்தைய மாலை அவரிடம் ஒரு மணி நேரம் சொல்லியிருந்தேன். நானே கண்ணாடிக் கதவை இறக்கினேன். முப்பத்தோரு வருடமாகப் பாடம் சொன்ன காற்று வெளியே நின்று கதவைத் தட்டியது. உள்ளே குலை அசையாமல் நின்றது.

உண்மையைச் சொல்கிறேன், முதல் இரண்டு நிமிடம் வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு ரோஸ்லெட் மறுபக்கத்தில் கைவைத்துக் குலையைத் தாங்கிக்கொண்டே, "டீச்சர், அங்ஙன பாருங்க, அதுதான் தோவாளை. பூ எல்லாம் இஞ்ச இருந்துதான் போவும்" என்று ஒவ்வொன்றாகக் காட்ட ஆரம்பித்தார். அழுக்கு ஜன்னல் கண்ணாடி வழியாக நான் அன்று பார்த்த அளவு திறந்த ஜன்னலில் தனியாகப் பார்த்திருப்பேனா என்று தெரியவில்லை.

8.20க்கு நாகர்கோவில் டவுன். பொன்னையா இறங்கும்போது குலையை ஒருமுறை தட்டிப் பார்த்தார். "கொள்ளாம், மோசமில்ல. சர்ச்சு வரைக்கும் தாங்கும். அங்க எவன் எடுப்பாண்ணுதான் தெரியல. பழுத்த குலைய ஏலத்துல ஒருத்தனும் தொடமாட்டான்." நல்ல மனிதர்தான்; வியாபாரியாக இருந்தால் இப்படி உண்மை பேச வேண்டியிருக்கும் போல. ரோஸ்லெட் அதன்பின் இரணியல் வரை ஒவ்வொரு சீப்பையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

நாகர்கோவிலுக்குப் பிறகு நிலம் முற்றிலும் மாறிவிடுகிறது. முதலில் வயலும் தாமரைக் குளமும். பிறகு தென்னை. இரணியல் தாண்டினால் ரப்பர் மரங்கள், ஒவ்வொன்றின் இடுப்பிலும் பால் வடியக் கட்டிய தேங்காய்ச் சிரட்டை. 9.05க்குக் குழித்துறையில் இறங்கினோம். ஆராதனை 9.30க்கு. "நீங்களும் வாங்க டீச்சர், இவ்வளவு நேரம் பிடிச்சியளே" என்று ரோஸ்லெட் ஆட்டோவில் என்னையும் ஏற்றிக்கொண்டார். ஐந்து கிலோமீட்டர், 150 ரூபாய். குலை எங்கள் இருவர் மடியிலும்.

பீடத்துக்கு முன்னால் ஏத்தன் என்கிற நேந்திரன் குலைகள் ஆள் உயரத்துக்கு நின்றன. மரச்சீனி எனும் மரவள்ளிக் கிழங்கு, தேங்காய், பலா, சேவல்கூட ஒன்று. ரோஸ்லெட் தன் குலையை ஓரமாக வைத்து, உதிர்ந்த பதினோரு பழங்களையும் துவர்த்தில் பொதிந்து பக்கத்தில் வைத்தார். ஒன்றுகூடக் குறையவில்லை. பாதி வேண்டுதல் நிறைவேறிவிட்டது.

பிரசங்கம் சற்று நீளம். அந்த நேரத்தில் எனக்கு வழக்கம்போல மனதில் குறிப்பெடுக்கத் தோன்றியது. போக நினைப்பவர்களுக்கு அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வண்டி போகும் திசையில் வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். மலைகள் கடைசி வரை அந்தப் பக்கம்தான். சில வண்டிகள் நாகர்கோவில் சந்திப்புக்குப் போகும், சில டவுன் நிலையத்தில் மட்டும் நிற்கும், எதுவென்று முன்பே பார்த்து அழைக்க வருகிறவரிடம் சொல்லிவிடுங்கள். தக்கலைக்குப் போகிறவர்கள் இரணியலில் இறங்க வேண்டும். அங்கிருந்து பேருந்தும் ஆட்டோவும் உண்டு. ரப்பர் தோட்டங்களை அருகில் பார்க்க ஆசை என்றால் நாகர்கோவிலிலிருந்து கீரிப்பாறைக்குப் பேருந்து இருக்கிறது, ஆனால் அடிக்கடி கிடையாது. திரும்பும் நேரத்தை நடத்துநரிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். நேரங்கள் மாறிக்கொண்டே இருக்கும், நான் எழுதியதை நம்பி ஸ்டேஷனுக்குப் போய்விடாதீர்கள்.

ஏலம் பதினொன்றரைக்குத் தொடங்கியது. ஏலம் கூறியவர் நல்ல வாய்க்காரர். ஏத்தன் குலைகள் போட்டி போட்டுப் போயின. பச்சையாக வந்த மட்டிக் குலைகள் மூன்றும் போயின. பிறகு ரோஸ்லெட்டின் குலையைத் தூக்கிப் பிடித்தார்.

"இது ஆவடியில வெளைஞ்ச மட்டி! ரயிலு ஏறி வந்த மட்டி! டிக்கெட் எடுத்துச்சாண்ணு தெரியாது!"

எல்லோரும் சிரித்தார்கள். யாரும் கேட்கவில்லை. குலை ஆடியதில் ஒரு பழம் தரையில் விழுந்தது, சிரிப்பு கூடியது. செல்லத்துரையின் கை மெல்ல மேலே போனது. ரோஸ்லெட் அதைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

"வேண்டாம். நம்ம குலைய நாமளே எடுத்துட்டுப் போறதுக்கா ரயிலேறி வந்தேன்?"

செல்லத்துரை முதல் முறையாகக் கேலி எதுவும் சொல்லாமல் கையை மடியில் வைத்துக்கொண்டார். நான் கேட்டுவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் நானும் ஊராள் இல்லையே.

"ஒரு தரம்..." என்று ஏலக்காரர் இழுத்தபோது பின்னாலிருந்து ஒரு இளைஞன் குழந்தையோடு எழுந்தான். "அண்ணா, அது பழுத்ததுதானா?"

"மூக்கு இல்லியா ஒனக்கு? வாசத்தப் பாரு."

"அப்பம் எனக்கு வேணும். பிள்ளைக்கு ஆறு மாசம் ஆச்சு, மட்டி குடுக்கணும். இஞ்ச கிடக்குறது எல்லாம் காயாக்கும்."

வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை. குலை அவனுக்குப் போனது. தூக்கிக்கொண்டு நேராகப் போனவன் பின்வரிசையில் இருந்த மனைவியிடம் ஒரு பழத்தைப் பிய்த்துக் கொடுத்தான். அவள் தோலை உரித்து, நடுவில் ஓடும் நாரை எடுத்துவிட்டு, விரல் நுனியில் மசித்துக் குழந்தையின் உதட்டில் தடவினாள்.

ரோஸ்லெட் பக்கத்தில் போய் நின்றார். குழந்தை முகத்தைச் சுளித்தது. நாக்கால் வெளியே தள்ளியது. ரோஸ்லெட் இன்னும் கிட்டப் போய்க் குனிந்தார்.

"மொத வாய் அப்பிடித்தான் இருக்கும் சித்தி," என்றாள் அந்தப் பெண். இன்னொரு முறை தடவினாள். குழந்தை சப்பியது. யோசித்தது. பிறகு அம்மாவின் விரலை இரண்டு கையாலும் பிடித்துத் தன் வாய்க்கு இழுத்தது.

அந்தப் பெண் எங்கள் மூவருக்கும் ஆளுக்கொரு பழம் நீட்டினாள். ரோஸ்லெட் தன்னுடையதை உரித்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"இனிப்பு கொஞ்சம் கொறவுதான் டீச்சர். ஆவடித் தண்ணியாக்கும்." தோலைக் கையில் சுருட்டிக்கொண்டு கணவர் பக்கம் திரும்பினார். "இஞ்சேருங்க, திரும்பிப் போவும்ப கன்னுக்குப் போட இஞ்ச இருந்து கொஞ்சம் மண்ணு எடுக்கணும்."

"ரயில்லயா? மண்ணா?" செல்லத்துரை பழத்தை வாயில் வைத்தபடியே கேட்டார். விழுங்கிவிட்டு, "எத்தன சாக்கு?" என்றார்.