கங்காணியிடம் ஒரே கேள்வி

நாகல் நகரில் நல்லுசாமியின் மளிகைக் கடைக்கு நேர் எதிரே அய்யம்மாள் தினமும் கீரைக்கூடையை இறக்கி வைத்தது வியாபாரத்துக்காக மட்டும் அல்ல. நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம், கழுத்தில் மஞ்சள் தேய்த்த தாலி. கடையில் நாலு பேர் கூடியதும் கேட்பாள்:

"கங்காணியாரே, எங்க வீட்டுக்காரர் எப்ப வாராரு?"

ஊருக்கு நல்லுசாமி முதலாளி. அவளுக்கு மட்டும் மலாயாத் தோட்டத்தில் கூலிகளை மேய்த்த கங்காணி. யுத்தத்தின்போது சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் கேட்டான். தன் தலை தப்பினால் போதுமென்று கூலிக்காரர்களைப் பேர் சொல்லிக் காட்டிக்கொடுத்தவர் இவர். "மூணே மாசம், திரும்பிருவான்" என்று சொல்லித்தான் அவள் கணவன் சோலைமுத்துவை லாரியில் ஏற்றினார். ஆயிற்று, பதிமூன்று வருஷம்; யுத்தம் முடிந்து அவரும் அவளும் ஊர் திரும்பியும் அவன் வரவில்லை. அவன் செத்துப்போனது அவளுக்குத் தெரியாதா? தெரியும். அதை அந்த மனுஷன் வாயாலேயே வரவழைக்க வேண்டும் என்ற வெறியில்தான் உயிரோடு இருந்தாள்.

கீரை வாங்க வரும் வக்கீல் இருதயநாதனிடம் ஒருநாள் நியாயம் கேட்டாள். ஆயுதம் எடுக்காத சனங்களைச் சண்டைக்காலத்தில் இழுத்துப்போய் வதைக்கக் கூடாதென்று ஜெனீவாவில் நாடுகள் கூடிச் சட்டம் எழுதியிருப்பதாக அவர் சொன்னார்.

"அப்ப இந்தாளைப் பிடிக்குமாய்யா அந்தச் சட்டம்?"

"அது எழுதுனது நாப்பத்தொம்பதுலம்மா. உங்க வீட்டுக்காரரைக் கொண்டுபோனது நாப்பத்திமூணுல. பின்னாடி போய்ப் பிடிக்காது."

உலகத்துப் பெரிய மனுஷர்களுக்கெல்லாம் புத்தி வர ஆறு வருஷம் பிந்திவிட்டது. அய்யம்மாள், "சரிய்யா, நானே பிடிச்சுக்கிறேன்" என்று கீரைக்கட்டை நீட்டினாள்.

ஆவணியில் நல்லுசாமியின் மகளைப் பெண் கேட்டு ஒட்டன்சத்திரத்துக்காரர்கள் வந்தார்கள். கடையில் உட்கார்ந்து கலர் குடித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கேள்வி வந்து விழுந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார், "ஏனுங்க, அந்தம்மா வீட்டுக்காரரு எங்க போயிட்டாருங்க?" என்றார். நல்லுசாமி எழுந்துபோய்த் தராசைத் துடைக்க ஆரம்பித்தார். சம்பந்தம் இல்லை என்று ஆயிற்று.

மறுநாள் நல்லுசாமி அவளைக் கடைக்குள் மூட்டைகளுக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"செத்துட்டான், தாயி. காலரா. ரெண்டாம் மாசமே எனக்குச் சேதி வந்துச்சு. அம்புட்டுப் பேரையும் ஒரே குழியில போட்டாங்களாம். இனிமே கேக்காத. வெளிய தெரிஞ்சா என் மானம் போயிரும்."

அவள் அழவில்லை. "சரி, இனிமே கேக்க மாட்டேன்" என்று எழுந்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தாள்.

அடுத்த நாள் காலையில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பொட்டில்லை, கழுத்தில் தாலியில்லை. தெருவே பதறிப்போய்க் கூடியது.

"என்ன அய்யம்மா இது? எப்ப நடந்துச்சு? யாரு சொன்னா?"

அய்யம்மாள் கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே, எதிர்க்கடைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அந்தா இருக்காரே முதலாளி, அவரையே கேளுங்க. அவருக்குப் பதிமூணு வருஷமாத் தெரியுமாம்."