இரண்டு பை கல்லுப்பு

ஒன்பது வயதில் எனக்கு ஒரு பதவி இருந்தது. தரையில் உட்கார்ந்த அம்மாவைத் தூக்கிவிடும் பதவி. அம்மாவுக்கு முட்டி வலி. அப்பா சவூதியில். சங்கரன்கோவில் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். காய் நறுக்கி முடித்ததும், "ஏட்டி, கையக் குடு" என்பாள். எங்கிருந்தாலும் ஓடுவேன். பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் தேடமாட்டார்கள், அம்மாவாவது தேடினாளே.

அதைக் கெடுத்தவர் திருநெல்வேலி எலும்பு டாக்டர். தொடையில் வலு ஏறினால் முட்டி தாங்கும், சர்க்கரையும் குறையும், கையில் எடை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுங்கள், விட்டுவிடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். எடைக்கு எங்கே போவது? அம்மா இரண்டு மஞ்சப்பைகளில் கிலோ கிலோவாகக் கல்லுப்பைக் கொட்டிக் கட்டினாள். இரு கையிலும் பையோடு எழுவாள், உட்காருவாள், மறுபடி எழுவாள். பார்ப்பவர்களுக்குக் கடைக்குப் போவதா வேண்டாமா என்று தவிப்பதுபோல இருக்கும்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் காயை நறுக்கிவிட்டுத் தரையில் கையூன்றித் தானாகவே எழுந்து போய்விட்டாள். நீட்டிய கையோடு நின்றேன். அன்று பின்வாசலில் போய் அழுதேன்.

மறுநாளிலிருந்து, அவள் குளிக்கப் போனதும் பைக்கு ஒரு பிடி வீதம் உப்பை அள்ளி அடுக்களை ஜாடியில் போட ஆரம்பித்தேன். எடை குறைந்தால் வலுவும் குறைந்துவிடும் என்பது என் யோசனை. அம்மாவோ, "கனமே தெரியலட்டி, எனக்கு வலு ஏறிட்டு பாத்துக்கோ" என்று சிரித்துக்கொண்டே பையில் இன்னும் கொஞ்சம் உப்பைப் போட்டாள். நான் அள்ள அள்ள அவள் போட்டுக்கொண்டே இருந்தாள்.

கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியது. எங்கள் ஊரில் அப்போது பெண்கள் நேர்ந்துகொண்டு கோயிலை நூற்றெட்டு சுற்று சுற்றுவார்கள். முந்தின வருடம் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு பதினோரு சுற்றோடு உட்கார்ந்துவிட்டாள். இந்த முறை, "இங்கனயே இரு மக்கா, எண்ணிக்கிட்டு இரு" என்று என்னைத் தூணருகே விட்டுப் போனாள். ஒவ்வொரு சுற்றிலும் வேர்த்த முகத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கடந்து போனாள். அத்தனை கூட்டத்திலும் எனக்கு யாருமே இல்லாததுபோல இருந்தது. நாற்பதுக்குமேல் எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

இப்போது நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அப்பா காலமாகிவிட்டார். அம்மா அதே வீட்டில் தனியாக இருக்கிறாள். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறாள். மறுநாள்தான் போனில் சொன்னாள்: "ஒண்ணுமில்லட்டி. கைய ஊனி எந்திச்சிட்டேன்."

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று அந்த உப்புத் திருட்டை ஒப்புக்கொண்டேன்.

"எனக்குத் தெரியும்லா. நீ ஜாடியில போட்டதத்தான திரும்ப அள்ளிப் பையில போட்டேன்."

"அப்பவே ஏசியிருக்கலாம்லாம்மா?"

"எதுக்கு ஏச? நீயும் என்னைக்கும் கைய நீட்டிக்கிட்டு இங்கனயே நிக்க முடியுமா?"

நான் ஊரைவிட்டுப் போகப்போகும் நாளுக்காக அவள் அன்றே பழகிக்கொண்டிருந்தாள் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.