பட்டாணி மாவின் பதம்

என் வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்தது ஒரு சித்திரை மாதத்தில். போனது ஆனியில். பத்தியம் மட்டும் தை வரைக்கும் எங்கள் வீட்டை விட்டுப் போவேனா என்றது.

ஆனியிலேயே டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு எல்லாம் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டார். இவர் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து ரசம் சோறு சாப்பிட்டார். கறி இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை, தாளித்தது எதுவும் இல்லை. காரணம் எனக்குத் தெரியும். இவரோடு வேலை பார்த்த ஒருவர் காமாலை தெளிந்த கையோடு விருந்தில் கறிக்குழம்பு சாப்பிட்டார், ஒரு மாதத்தில் போய்ச் சேர்ந்தார். சாவு குழம்பால் வந்ததா வேறு எதனாலோ வந்ததா என்று யாரும் கண்டதில்லை. இவர் மட்டும் குழம்புதான் என்று முடிவு கட்டிவிட்டார்.

நாங்கள் இரண்டு பேருமே பீங்கான் வேலைக்காரர்கள். அவர் வார்ப்பு, நான் பினிஷிங். ஸ்லிப் என்று சொல்லும் களிமண் கரைசலை அவரே பதமாகக் கரைத்து, மோல்டு என்கிற அச்சில் ஊற்றுவார். சுற்றிலும் களிமண் பிடித்ததும் மோல்டைத் தூக்கிச் சாய்த்து மிச்சத்தை வடிப்பார். வெளியே வரும் பொம்மையின் பிசிறைக் கத்தியால் சீவி ஈர ஸ்பாஞ்சால் துடைப்பது என் வேலை. யானை மோல்டு என்று ஒன்று இருக்கிறது. நிரம்பிய நிலையில் அதை ஒற்றை ஆளாகச் சாய்ப்பவர் எங்கள் வேலைக் கூடத்தில் இவர் ஒருவர்தான். அதில் இவருக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு, எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஐப்பசியில் ஒருநாள் அந்த மோல்டு இவர் கையிலிருந்து நழுவியது. தரையெல்லாம் ஸ்லிப். அதன் நடுவில் இவர் உட்கார்ந்துவிட்டார். உடம்பில் தெம்பே இல்லை. மறுநாளிலிருந்து இவரைக் கப் மோல்டுக்கு மாற்றிவிட்டார்கள். அது புதிதாக வருகிறவர்கள் செய்வது. எனக்குப் பயமாக இருந்தது. இந்த மனுஷன் இப்படியே கரைந்து போய்விடுவாரோ என்ற பயம்.

சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் கூரியரில் ஒரு டப்பா அனுப்பினாள். புரோட்டீன் பவுடர். “பட்டாணியில செஞ்சதும்மா. பாலு, முட்டை ஒண்ணும் கிடையாது. அப்பா பயப்படாம குடிக்கலாம்,” என்றாள். உள்ளேயே ஒரு கரண்டியும் இருந்தது.

அதைக் கரைக்க என்னை விடவில்லை. “கரைக்கிறது என் வேலை,” என்று வாங்கிக்கொண்டார். கலக்கினார், டீ வடிகட்டியில் வடித்தார், குமிழி அடங்கட்டும் என்று ஓரமாக வைத்தார். எல்லாம் ஒரு முறையோடு நடந்தது. முப்பது வருஷமாகக் கரைக்கிற கை அல்லவா.

ஒரு வாரத்தில் டப்பா காலி. ஒரு மாதத்துக்கு வரும் என்றாளே என்று மகளுக்குப் போன் போட்டு, “டப்பாவுல பாதி காத்துதான்டி இருந்துது, நல்லா ஏமாந்திருக்கற,” என்று திட்டினேன். பாவம், அவள் இன்னொன்று அனுப்பினாள். அதுவும் ஒரு வாரத்தில் அடி தட்டியது. இவருக்கோ வயிறு கல் மாதிரி இருந்தது. மதியம் இரண்டு வாய் சோறு, அதோடு எழுந்துவிடுவார். சட்டை இன்னும் தொளதொளத்தது.

மூன்றாவது டப்பா கேட்டபோது மகள் சொன்னாள், “டப்பா வேணாம்மா. சாப்பாட்டுக்குன்னே படிச்சவங்க இருக்காங்க, டயட்டீஷியன்னு. அங்க காட்டுங்க.” எங்கள் விருத்தாசலத்திலேயே ஒரு கிளினிக்கில் வாரம் இரண்டு நாள் வருகிறார்கள் என்று அவளே விசாரித்தும் வைத்திருந்தாள்.

“சோறு திங்கறதுக்கு ஒரு டாக்டரா?” என்றார் இவர்.

“ஸ்லிப்பு பதம் கெட்டா தெரிஞ்சவங்களத்தான கேக்கறீங்க? வயித்துக்கு மட்டும் நீங்களே மேஸ்திரியா? கெளம்புங்க,” என்றேன். என் குரல் அப்படி ஏறினால் இவர் கிளம்பிவிடுவார்.

அந்த டயட்டீஷியன் பெண்ணுக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும். நல்லூர் பக்கம், பயிர் வைக்கிற குடும்பம். அடியில் கொஞ்சம் மிச்சமிருந்த டப்பாவை நீட்டினேன். அதை ஓரமாக வைத்துவிட்டு, காலையில் எழுந்ததிலிருந்து வாயில் போடுவதையெல்லாம் சொல்லச் சொன்னாள். நான் ஆரம்பித்தேன்.

“அக்கா, அவரே சொல்லட்டும்ங்க,” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது.

இவர் சொன்னார். அவள் எழுதிக்கொண்டே வந்து, பவுடர் வந்ததும் நிறுத்தினாள். “எப்படிக் கரைப்பீங்கண்ணே? செஞ்சு காட்டுங்க.” ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

இவருக்கு முகத்தில் ஒரு களை வந்துவிட்டது. கையைக் கழுவி வந்தார். ஒரு கரண்டி போட்டுக் கலக்கி, சுட்டுவிரலை விட்டு எடுத்துப் பார்த்தார். இன்னொரு கரண்டி. மறுபடி விரல். மூன்று, நான்கு. ஐந்தாவது கரண்டிக்குப் பிறகு விரலைத் தூக்கி எங்கள் இருவருக்கும் காட்டினார். நகம் தெரியவில்லை. நானும் சரிதான் என்று தலையை ஆட்டினேன்.

அந்தப் பெண் விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “எதுக்குண்ணே விரலு?”

“நகம் மறையணும் மேடம். தெரிஞ்சா தண்ணியா இருக்குதுன்னு அர்த்தம். மோல்டுல பிடிக்காது,” என்றார். சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயில் என்ன வந்தது என்று அவருக்கே உறைத்தது.

அவள் சிரிப்பை அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. நானும் சிரித்துவிட்டேன். இவர் பூசிய விரலைத் தூக்கிப் பிடித்தபடியே சிரித்தார். சித்திரைக்குப் பிறகு இவர் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். ஆனால் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. தினமும் அந்த விரலைப் பார்த்துப் பதம் சரி என்று திருப்திப்பட்டவள் நான். ஊரில் வேறு யாராக இருந்தாலும் டப்பாவில் போட்டிருந்ததைப் படித்திருப்பார்கள்.

“ஒரு கரண்டிதாண்ணே. தண்ணியாத்தான் இருக்கும், இருந்துட்டுப் போவட்டும்,” என்றாள். “இது சோத்துக்குத் தொணை. நீங்க அஞ்சு அஞ்சா குடிச்சதுல சோத்தையே வெளிய தள்ளிடுச்சு.” பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, “என்னா பயம் உங்களுக்கு?” என்று கேட்டாள்.

வீட்டில் நான் எட்டு மாதமாகச் சண்டை போட்டிருக்கிறேன், இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. இவர் அந்தக் கறிக்குழம்பு மனிதரைப் பற்றிச் சொன்னார். அவள் முழுவதையும் கேட்டாள். நாங்கள் கொண்டுபோயிருந்த ரத்த ரிப்போர்ட்டை எடுத்துப்போய்ப் பக்கத்து அறை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தாள். “கல்லீரலு சுத்தமா இருக்குதுண்ணே. கறி வேணான்னா விடுங்க, கட்டாயமில்ல. மல்லாட்டை இருக்குது, காராமணி இருக்குது, உளுந்து இருக்குது. ஒண்ணொண்ணா ஆரம்பிக்கலாம்.”

“மல்லாட்டையில எண்ணெ இருக்குதே.”

“இருக்கட்டும். தாங்கும்.”

மூட்டை மூட்டையாக மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வந்து இறங்குகிற ஊரில் இருந்துகொண்டு, சென்னையிலிருந்து டப்பா தருவித்த எங்களை அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கே அவளுக்கு நான் கடமைப்பட்டவள்.

அன்று முதல் காலையில் ஒரு கரண்டி பவுடர், மிச்சம் தீர்ந்ததும் மகள் இன்னொரு டப்பா அனுப்பினாள். “இதுல கப்பு கூட வார்க்க முடியாது,” என்று முணுமுணுத்துக்கொண்டே குடிப்பார். ஊறவைத்து அவித்த மல்லாட்டையை முதல்நாள் பத்தே பத்து சாப்பிட்டார். மறுநாள் விடிந்ததும் கண்ணாடி முன்னால் நின்று கீழிமையை இழுத்து, கண் மஞ்சளாகிவிட்டதா என்று பார்த்தார். நான் கதவோரம் நின்று அதைப் பார்த்தேன். அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு வந்த பிரியம் கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை. வெளியே காட்டிக்கொள்ளாமல், “கண்ணு நல்லாத்தான் இருக்குது, வேலைக்கு நேரமாவுது,” என்றேன்.

அடுத்த வாரம் ஒரு கைப்பிடி ஆனது. அதற்கடுத்து உளுந்தங்கஞ்சி. பிறகு ஒரு ஸ்பூன் எண்ணெயில் தாளித்த குழம்பு. யானை மோல்டை இவர் மறுபடி ஒற்றை ஆளாகச் சாய்த்தது மாசிக் கடைசியில். அதை இவரே கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறார். என் மனதில் நிற்பது அதற்கு முன்பு, தையில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அன்று காராமணியும் கத்தரிக்காயும் போட்டுக் குழம்பு. இருவரும் சேர்ந்துதான் உட்கார்ந்தோம். இவர் தட்டைக் காலி செய்தார். எழுந்து கை கழுவப் போகிறார் என்று நினைத்தேன். எழவில்லை.

“இன்னும் கொஞ்சம் சோறு போடு,” என்றார்.

அடுப்படிக்கு ஓடினேன். பானையைத் திறந்தால் அடியில் நாலு பருக்கை.

இரண்டரை டம்ளர் அரிசி போடுகிற வீடு எங்களுடையது. எப்போது அது ஒன்றரையாகக் குறைந்தது என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. சாப்பிடுங்க சாப்பிடுங்க என்று வாய் ஓயாமல் சண்டை போட்டேனே தவிர, இந்த மனுஷன் இனிமேல் கேட்கப் போவதில்லை என்று என் கை என்றைக்கோ முடிவு செய்து குறைத்து அளந்திருக்கிறது. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே அழுதேன்.

“சோறு இல்லீங்க,” என்றேன், உள்ளே இருந்தபடியே.

“ஒலை வையி. நான் இருக்கேன்.”

இரண்டரை டம்ளர் அளந்து களைந்து போட்டேன். அரிசி வேகும்வரை அவர் தட்டின் முன்னால் எழாமல் உட்கார்ந்திருந்தார். குழம்புக் கை காய்ந்துகொண்டிருந்தது.